வைக்கோல் லாரியில் போகிறது, பொட்டாஷ் கப்பலில் வருகிறது

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரத்தநாடு பக்கம் புது ஆற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். மணல் கலந்த செவ்வல் மண். போர் தண்ணீரும் உண்டு. குறுவை, தாளடி இரண்டு போகமும் நெல்தான். நாலைந்து வருடமாக, நட்டு ஐம்பது நாள் தாண்டியதும் அடி இலைகள் நுனியிலிருந்து ஓரமாகப் பழுத்துக் காய்கின்றன. இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. கதிர் முற்றும்போது ஒரு காற்றுக்கே பயிர் சாய்கிறது. கருக்காயும் அதிகம். கடைக்காரர் யூரியா ஒரு மூட்டை சேர்த்துப் போட்டு, நுண்சத்து டானிக்கை இரண்டு தடவை அடிக்கச் சொன்னார். போன போகம் அடித்தேன். நாலு நாள் பச்சை ஏறியது, அப்புறம் பழையபடிதான். இப்போது தாளடி நட்டு முப்பது நாள் ஆகிறது. எந்த டானிக் நல்லது? யூரியாவை எப்போது கூட்டலாம்? அறுவடை மிஷினில்தான். வைக்கோலைக் கட்டு போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது.

பதில்: யூரியாவைக் கூட்ட வேண்டாம். டானிக் எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற அடையாளம் அத்தனையும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் குறைவதைத்தான் காட்டுகிறது. யூரியாவில் இருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். துத்தநாகக் குறை என்றால் நட்ட இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் துரு நிறப் புள்ளியும், வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் குட்டைப் பயிருமாகத் தெரிந்துவிடும். ஐம்பது நாளுக்கு மேல், அடி இலையின் நுனியில் தொடங்கி இரண்டு ஓரமும் காய்ந்து நடு நரம்பு பச்சையாக நிற்பது வேறு சங்கதி. போதிய சாம்பல் சத்து கிடைக்காத பயிர், கிழ இலையில் இருப்பதை உருவி மேல் இலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் யூரியாவைக் கூட்டினால் இலை கொழுக்கும், தண்டு சவளையாகும். நோயையும் சாய்வதையும் கூலி கொடுத்துக் கூப்பிட்ட மாதிரி ஆகும்.

இந்தப் போகத்துக்கு ஏக்கருக்கு 33 கிலோ பொட்டாஷ் உரம் எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு இப்போதே, அடுத்தது தண்டுக்குள் கதிர் உருவாகும்போது, கடைசிப் பங்கு கதிர் வெளியே வரும் சமயம். உங்களுடையது மணல் மண், மொத்தமாகக் கொட்டினால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

நீங்கள் கேட்டதற்கு இவ்வளவு போதும். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வைக்கோலைக் கொடுத்துவிடுகிறேன், இரண்டு மாடு இருக்கிறது என்று, என்னைப் பொறுத்தவரை கேள்வியே அங்கேதான் இருக்கிறது.

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சத்து எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) மூன்றில் இரண்டு பங்கு நெல்மணிக்குப் போகிறது. தழைச்சத்தில் பாதிக்கு மேல் நெல்லுக்கு. சாம்பல் சத்தோ நேர் எதிர், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வைக்கோலிலேயே தங்கிவிடும். ஆகவே நெல்லை விற்பதால் வயலை விட்டுப் போகிற சாம்பல் சத்து கொஞ்சம்தான். வைக்கோலை விற்றால்தான் வயல் காலியாகும்.

ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ சாம்பல் சத்து இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் என்று வையுங்கள், சுமார் 30 கிலோ. பொட்டாஷ் உரத்தில் 60 சதவீதம்தான் சத்து என்பதால், அது 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சமம். மூன்று ஏக்கர், இரண்டு போகம், வருடத்துக்கு ஆறு மூட்டை. மிஷின் உயரமாக அறுத்துத் தாளை விட்டுவிடும், கட்டாகப் போவது பாதிதான் என்று நீங்கள் சொல்லலாம். சரி, மூன்று மூட்டை என்றே வைத்துக்கொள்வோம். நாலைந்து வருடமாகப் போயிருக்கிறது. அந்தக் கட்டுகள் கேரளாவுக்கும் கொங்கு நாட்டு மாட்டுப் பண்ணைகளுக்கும் போகின்றன; அங்கே சாணமாகி எந்தத் தோட்டத்திலோ விழுகின்றன. நீங்கள் கடையில் வாங்கும் பொட்டாஷ் கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பல் ஏறி வருகிறது. நம் நாட்டுக்குத் தேவையான பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுக்க இறக்குமதிதான்.

வயலுக்குள் இரண்டு விதமான வரவு இருக்கிறது. ஒன்று வெயில். பயிர் பிடித்துக்கொள்வது அதில் மிகச் சிறு பங்குதான், ஆனாலும் தினமும் புதிதாக வருகிறது. பயிரைத் தின்னும் மாடு, சாணத்தைத் தின்னும் புழு, புழுவைக் கொத்தும் நாரை என்று கை மாறும்போதெல்லாம் அந்தச் சக்தியில் பெரும்பங்கு உடல் சூடாகவும் உழைப்பாகவும் செலவாகிவிடும், செலவானது திரும்பாது. திரும்ப வேண்டியதும் இல்லை, நாளைக்கும் சூரியன் வரும். இன்னொன்று சத்து. சாம்பல் சத்துக்கு வானத்திலிருந்து வரவு கிடையாது. இருக்கிறதே சுற்றிச் சுற்றி வர வேண்டும். சுற்று எங்கே அறுந்ததோ அங்கிருந்து வயல் இளைக்க ஆரம்பிக்கும்.

இதில் மாட்டின் வேலையைக் கவனியுங்கள். மாடு வைக்கோலைத் தின்று அதிலுள்ள சக்தியைத் தன் உடம்புக்கும் உங்கள் பாலுக்கும் எடுத்துக்கொள்கிறது. தின்ற சாம்பல் சத்தில் மிகச் சிறு பங்குதான் பாலில் போகிறது. மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும், அதிலும் பெரும்பகுதி சாணத்தில் இல்லை, மூத்திரத்தில். தழைச்சத்தும் முக்கால் பங்கு திரும்ப வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? சாணத்தைக் கூடையில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டுகிறோம், மூத்திரத்தைத் தண்ணீர் ஊற்றி வாய்க்காலில் தள்ளுகிறோம். சிமெண்டுத் தரை போட்ட கொட்டகைகளில் இது இன்னும் சுத்தமாக நடக்கிறது. மாடு வைத்திருக்கிற வீட்டில் பொட்டாஷுக்குக் கடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

சாயங்காலம் மாடு தின்று கழித்த கூளத்தோடு கொஞ்சம் வைக்கோலும் சேர்த்து, மாட்டின் பின்னங்காலடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். காலையில் அது மஞ்சளாக ஊறி, மூக்கைச் சுள்ளென்று பிடிக்கிற வாடையோடு கனமாக இருக்கும். அதை அப்படியே சுருட்டிக் குழியில் போட்டு, மேலே சாணத்தைக் கரைத்து ஊற்றி, கொஞ்சம் மண்ணைத் தூவுங்கள். குழிக்கு மேல் கீற்றுப் பந்தல் கட்டாயம். மழை பெய்த மறுநாள் திறந்த குப்பைமேட்டின் அடியில் கறுஞ்சிவப்பாகத் தண்ணீர் வடியுமே, பார்த்திருப்பீர்கள். உங்கள் சாம்பல் சத்து கரைந்து ஓடுவது அதுதான். பந்தல் இல்லாத குழியின் குப்பை வயலுக்குப் போகும்போது பாதி வெறும் சக்கைதான்.

எல்லா வைக்கோலையும் இரண்டு மாடும் தின்றுவிடாது. மிச்சத்தை உடனே உழுது மூடலாமா என்று கேட்பீர்கள். குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே அவகாசம் குறைவு, அப்போது வேண்டாம். பச்சை வைக்கோலை மடக்கி உழுது உடனே நட்டால், அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் உங்கள் யூரியாவையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீரில் சேறு அழுகின முட்டை வாடை அடித்து வேர் கறுக்கும். குறுவையில் தாளை மட்டும் மடக்குங்கள், வைக்கோலை மேட்டில் குவித்துச் சாணக் கரைசல் விட்டு மக்க வையுங்கள். தாளடி அறுவடையை ஒட்டி உளுந்து தெளிக்கிற வழக்கம் இருந்தால், வைக்கோல் வரிசையாக விழுந்து முளைப்பை அமுக்கிவிடுகிறது என்பது நியாயமான குறை. வைக்கோலை நறுக்கிச் சிதறவிடும் இணைப்பு உள்ள அறுவடை மிஷினாகப் பார்த்து வையுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கொளுத்துவதை மட்டும் நினைக்காதீர்கள். தழைச்சத்து ஏறக்குறைய முழுசும் புகையாகப் போய்விடும். சாம்பலில் தங்கும் சாம்பல் சத்தையும் உங்கள் மணல் மண் முதல் மழையிலேயே இழக்கும்.

வெளியிலிருந்து சத்தைக் கொண்டுவர உங்கள் ஊரில் நல்ல வழி இரண்டு உண்டு. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் அறுவடைக்குப் பிறகு ஆடு ஓட்டி வருவார்கள். பகலில் ரோட்டோரமும் தரிசும் மேய்ந்த ஆடு இரவில் உங்கள் வயலில் படுத்தால், ஊரிலுள்ள சத்து நடந்து வந்து உங்கள் வயலில் இறங்குகிறது, மூத்திரமும் வீணாகாது. இப்படி ஆட்டை வயலில் படுக்கவைக்கிற கிடைக்குக் கொடுக்கிற பணம் போல உரச் செலவில் பயனுள்ள பணம் வேறு இல்லை. அடுத்தது ஏரி வண்டல். மேட்டு நிலத்திலிருந்து கழுவிப் போனதெல்லாம் அங்கேதான் படிந்திருக்கிறது. அந்தக் களி உங்கள் மணலில் சேர்ந்தால், போடுகிற பொட்டாஷை விடாமல் பிடித்துக்கொள்ளும். தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கோடையில் அடியுங்கள்.

டானிக் சங்கதிக்கு வருகிறேன். பாட்டிலைத் திருப்பிச் சதவீதத்தைப் படியுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் 20 சதவீதம் சத்து என்று போட்டிருந்தாலும் மொத்தம் 100 கிராம்தான். ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்தும் அதே அளவு சாம்பல் சத்தும் வேண்டும். கிலோக் கணக்கில் பட்டினி கிடக்கிற பயிருக்கு கிராம் கணக்கில் தெளித்தால் நாலு நாள் பச்சைதான் மிஞ்சும், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று அரசு விலை. அதில் கடைக்காரருக்குக் கிடைப்பது சொற்பம். லாபம் பாட்டிலில் இருக்கிறது, அதனால்தான் உங்கள் பயிருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து பாட்டிலாகவே வருகிறது. பாட்டில் வாங்கினால்தான் யூரியா என்று யாராவது சொன்னால் பணியாதீர்கள். உரத்தோடு வேறு பொருளைக் கட்டாயப்படுத்தி விற்கக் கூடாது. பில் கேளுங்கள், தர மறுத்தால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

வைக்கோல் காசு வீட்டுக்கு அவசரத் தேவை என்றால் விற்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். விலை பேசும்போது ஏக்கருக்கு அரை மூட்டை பொட்டாஷ் விலையை முதலில் கழித்துவிட்டு, மிச்சம் கையில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அந்த அரை மூட்டையை அடுத்த நடவுக்கு முன் வயலில் போட்டும்விடுங்கள்.

தாளடி அறுத்த கையோடு, குப்பையோ வண்டலோ அடிப்பதற்கு முன்பே, மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள், குறுவைக்கான பொட்டாஷ் அளவை அதை வைத்துத் திருத்திச் சொல்கிறேன்.