அப்டேற்ற நிப்பாட்டாதேங்கோ, முதல் உங்கட லைசென்ஸ் எங்க கிடக்கெண்டு பாருங்கோ

லைசென்ஸ் செக் பண்ணுற அப்டேற் வந்தா வீட்டுக் கொம்பியூட்டர் கறுப்பாகி நிண்டுபோகும் எண்டு கடைக்காரர் சொன்னவர், அதால விண்டோஸ் அப்டேற்ற முழுசா ஓஃப் பண்ணி வைக்கட்டோ எண்டு கேட்டிருக்கிறியள். வைக்காதேங்கோ. இதுதான் என்ர பதில். மிச்சம் எல்லாம் ஏன் எண்டு விளங்கப்படுத்தத்தான் எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்கட நிலைமை எனக்கு வடிவா விளங்குது. யாழ்ப்பாண ரவுணுக்குள்ள ஏதோ ஒரு கடையில புது லப்ரொப் எடுத்திருப்பியள், கடைக்காரர் "விண்டோஸ், ஒபிஸ், பாமினி ஃபொன்ற் எல்லாம் போட்டுத் தாறன், பின்னேரம் வாங்கோ" எண்டு சொல்லியிருப்பார், நீங்களும் போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பியள், ஒரு அரை வருசம் ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. இப்ப திரையின்ர வலப்பக்கக் கீழ் மூலையில "விண்டோஸ அக்டிவேற் பண்ணவும்" எண்டு சாம்பல் நிறத்தில எழுத்து வந்திருக்கும், இல்லாட்டி "உங்கட லைசென்ஸ் கெதியில முடியப்போகுது" எண்டு வந்திருக்கும். உடன கடைக்குப் போன் பண்ணியிருப்பியள். அவர் முதல் கேட்டது "அப்டேற் ஏதும் போட்டனியளோ?" எண்டு தானே?

எனக்கும் அதே கேள்விதான் வந்தது. நான் கோண்டாவில்ல வீட்டில இருந்து செத்த ஆக்களின்ர நினைவு மலர், கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் ரைப் பண்ணி லேஅவுட் செய்து அச்சகத்துக்குக் குடுக்கிறனான். செத்து 31ஆம் நாள் செய்யிற அந்தியேட்டிச் சடங்குக்குப் புத்தகம் கையில இருக்கோணும், அதில ஒருநாள் பிந்தினாலும் அந்தக் குடும்பத்துக்கு அது பிறகு வந்தும் பிரயோசனம் இல்லை. பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் எண்டு எல்லாம் ஒழுங்கா வரோணும், பேரப்பிள்ளையளின்ர பேரில ஒரு எழுத்துப் பிழைச்சாலும் கோவம் வரும், அது நியாயமான கோவம். இந்த வேலைக்கெண்டுதான் நான் சேத்து வச்ச காசில ஒரு நல்ல பிராண்ட் லப்ரொப் புதுசா வாங்கினனான். பெட்டியில விண்டோஸ் எண்டு போட்டிருந்தது. பில்லிலயும் விண்டோஸ் ப்ரோ இன்ஸ்ரலேஷன் எண்டு தனியா ஒரு தொகை எழுதித்தான் தந்தவை, நான் அந்தக் காசையும் குடுத்தனான். ஆகவே "ஓசியில வேணுமெண்டா இப்பிடித்தான் வரும்" எண்டு ஆரும் எனக்குச் சொல்ல வராதேங்கோ.

அந்த எழுத்து வந்த உடன கடைக்குக் கொண்டுபோனன். அவை பாத்திட்டு, அப்டேற்றாலதான் வந்தது, இனி வராமச் செய்து தாறம் எண்டு சொல்லி அதுக்கும் காசு வாங்கினவை. எழுத்து போயிட்டுது. நானும் சரி எண்டு வந்து வேலையப் பாத்தன். பிறகுதான் வினை துவங்கினது. கொழும்பில இருந்து வந்த ஒரு குடும்பம், தகப்பனாரின்ர பழைய படங்கள் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி ஒரு பென்ட்ரைவில கொண்டுவந்து தந்தவை. கலியாணப் படம், அவர் பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச காலத்துப் படம், பேரப்பிள்ளையோட கோயில் தேருக்கு நிக்கிற படம். செருகித் திறந்தா ஃபோல்டர் ஒண்டும் இல்லை. எல்லா ஃபோல்டரும் மூலையில சின்ன அம்புக்குறியோட ஷோர்ட்கட்டா மாறிக் கிடக்கு, ஒண்டை அமத்தினா கறுப்பு விண்டோ ஒண்டு மின்னி மறையுது, படம் வரேல்ல. எனக்குக் கை நடுங்கிப் போச்சு. அவையிட்ட வேற கொப்பி இல்லை எண்டும் சொன்னவை.

அக்காவின்ர மகன் கம்பசில கொம்பியூட்டர் படிக்கிறவன், அவனை ஓடிவரச் சொன்னன். பெடியன் முதல் படங்களை மீட்டுத் தந்தான், உந்த வைரஸ் ஃபைலை அழிக்கிறதில்ல, ஒளிச்சு வைக்கிறது, அதால தப்பினது. பிறகு என்ர லப்ரொப்பின்ர டிபென்டரை, அதான் விண்டோசோட வாற வைரஸ் காட்டை, திறந்து பாத்தவன் பேசாம இருந்தான். "சித்தி, இதை ஆர் செய்தது?" எண்டு கேட்டான். சி ட்ரைவில இருந்த ஒரு ஃபோல்டரை வைரஸ் காட் பாக்கக் கூடாது எண்டு விலக்கு லிஸ்ற்றில போட்டுக் கிடக்கு. அதுக்குள்ள அக்டிவேஷனை, அதாவது லைசென்ஸ் செக்கை, உடைக்கிற ஒரு ரூல், ஒரு சின்ன புரோகிராம். அப்டேற் சேவிஸ் முழுசா ஓஃப். வைரஸ் காட்டின்ர நேரடிப் பாதுகாப்பும் ஓஃப். அந்த எழுத்தை மறைக்கிறதுக்காக வீட்டின்ர கதவு யன்னல் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுப் போயிருக்கினம்.

பிறகு அவன் செய்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஒரு கொமாண்ட் அடிச்சான், 25 எழுத்தில ஒரு கீ வந்து நிண்டது. "சித்தி, உங்களிட்ட ஒறிஜினல் லைசென்ஸ் இருக்கு. இந்த போர்டுக்குள்ளயே இருக்கு. இது ஹோம் எடிஷன். கடையில அதை அழிச்சுப்போட்டு உடைச்ச ப்ரோவைப் போட்டிருக்கினம்" எண்டான். விண்டோஸ் 8 வந்த 2012இல இருந்து பிராண்ட் லப்ரொப்புகளை விண்டோசோட விக்கேக்க, கீயை ஸ்டிக்கரில ஒட்டுறதை விட்டுட்டு மதர்போர்ட்டுக்குள்ளயே எழுதி அனுப்புறவை. அதே எடிஷனைத் திரும்பப் போட்டா அது கீயே கேக்காது, இன்ரநெற்றில தொடுத்த உடன தானா அக்டிவேற் ஆகும். எனக்கும் அப்பிடித்தான் ஆனது. மைக்ரோசொவ்ற்றின்ர சொந்தத் தளத்தில இருந்து 8 ஜிபி பென்ட்ரைவ் ஒண்டில இறக்கி, என்ர ஃபைல் எல்லாம் வேற இடத்தில கொப்பி பண்ணி வச்சிட்டு, துடைச்சுப் போட்டுப் புதுசாப் போட்டான். அதுக்குப் பிறகு எந்த அப்டேற் வந்தும் ஒரு பிரச்சினையும் இல்லை.

நான் சட்டப்படி காசு குடுத்து வாங்கின சாமானை எனக்கே தெரியாம அழிச்சு, திருட்டுச் சாமானைப் போட்டு, அதுக்கும் காசு வாங்கி, அது பழுதாகேக்க திரும்பவும் காசு வாங்கி, பழியை அப்டேற்றில போட்டவை. போய்க் கேட்டன். "அன்ரி, எல்லாருக்கும் இப்பிடித்தான் போட்டுக் குடுக்கிறம், ப்ரோ எண்டா நல்லது தானே" எண்டு பதில். எந்தக் கடை எண்டு சொல்லப்போறேல்ல, எல்லாக் கடையும் அப்பிடி எண்டும் சொல்லேல்ல, நேர்மையாச் செய்யிற பெடியளையும் எனக்குத் தெரியும்.

இனி உங்கட பக்கம். செற்றிங்ஸுக்குப் போங்கோ, விண்டோஸ் 11 எண்டா சிஸ்டம், பிறகு அக்டிவேஷன். விண்டோஸ் 10 எண்டா அப்டேற் அன்ட் செக்யூரிற்றி, பிறகு அக்டிவேஷன். அதில டிஜிற்றல் லைசென்ஸால அக்டிவேற் ஆகியிருக்கு எண்டு இருந்தா பெரும்பாலும் பயப்பட ஒண்டும் இல்லை. "உங்கட நிறுவனத்தின்ர அக்டிவேஷன் சேவையால" எண்ட மாதிரி இருந்தா, வீட்டுக் கொம்பியூட்டருக்கு என்ன நிறுவனம் எண்டு யோசியுங்கோ. அது கேஎம்எஸ் எண்ட முறை, பெரிய கொம்பனி, கம்பஸ் மாதிரி இடங்களுக்கு உரியது, 180 நாளுக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும். உடைக்கிற ரூல் பொய்யா ஒரு சேவரைக் காட்டி அதையே செய்யிறது, அது நிண்டா 180 நாளில லைசென்ஸ் தானா முடியும். ஆறு மாசத்தால எழுத்து வாறதுக்குக் காரணம் இது, அப்டேற் இல்லை. அந்த ரூலுகளின்ர பேரில களவு வைரஸ் பரப்பின கதையளும் இருக்கு, 2021இல கேஎம்எஸ்பிக்கோ எண்ட பேரில கிரிப்ற்றோ பணப்பையைத் திருடுற ஒண்டு பரவினதைப் பாதுகாப்பு ஆக்கள் கண்டுபிடிச்சவை.

இப்ப ஆராவது வந்து சொல்லுவினம், மைக்ரோசொவ்ற்றுக்கு வக்காலத்து வாங்குறா எண்டு. இல்லை. சனம் பயப்பிடுறதுக்கு அவையும் காரணம்தான். 2006இல அப்ப இருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு லைசென்ஸ் செக் பண்ணுற அப்டேற்ற அவசரப் பாதுகாப்பு அப்டேற் மாதிரி அனுப்பினவை, அது ஒவ்வொரு நாளும் தங்கட சேவரோட கதைக்குது எண்டு வெளிய வந்த பிறகுதான் குறைச்சவை, அமெரிக்காவில வழக்கும் போட்டவை. 2007 ஓகஸ்டில அவையின்ர சேவரே பிழைச்சு, காசு குடுத்து வாங்கின ஆக்களுக்கும் உன்ர விண்டோஸ் போலி எண்டு சொல்லிப்போட்டுது, கிட்டத்தட்ட 19 மணித்தியாலம், 12,000 மெசின் வரைக்கும். நீங்கள் கேட்ட கறுப்புத் திரையும் பொய்க்கதை இல்லை, 2008இல எக்ஸ்பிக்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வோல்பேப்பரைக் கறுப்பாக்கினது, சீனாவில பெரிய எதிர்ப்பு வந்தது. 2010இல விண்டோஸ் 7க்கு வந்த கேபி971033 எண்ட அப்டேற் 70க்கும் மேற்பட்ட உடைப்பு முறையளைக் கண்டுபிடிக்கும் எண்டு சொன்னவை. அதே விண்டோஸ் 7இல 2019 ஜனவரியில சட்டப்படி வச்சிருந்த நிறுவனங்களின்ர மெசினுகளும் போலி எண்டு காட்டி அவை திருத்தவேண்டி வந்தது. 2018 நவம்பரிலயும் விண்டோஸ் 10 ப்ரோ வச்சிருந்த ஆக்களுக்கு உங்களுக்கு ஹோம் தான் உரிமை எண்டு காட்டி, ஒருநாள் போலதான் சரியானது. அப்பிடி ஒறிஜினல்காரருக்கு வந்தா ஒண்டும் செய்யாம ஒருநாள் பொறுங்கோ, அவசரப்பட்டுக் கடைக்குக் கொண்டு ஓடாதேங்கோ.

ஆனா ஒண்டு. இப்ப விண்டோஸ் 10, 11இல அக்டிவேற் இல்லாட்டிக் கொம்பியூட்டர் நிண்டுபோகாது. மூலையில எழுத்து வரும், வோல்பேப்பர், நிறம் மாத்தேலாது, அவ்வளவுதான். உங்கட ஃபைல் ஒண்டும் அழியாது. பாதுகாப்பு அப்டேற்றும் வரும் (விண்டோஸ் 10இன்ர கதையைக் கீழ சொல்லுறன்). அப்ப எதுக்குப் பயந்து அப்டேற்ற நிப்பாட்டுறியள்? 2017 மே மாசம் வனாகிரை எண்ட, ஃபைலைப் பூட்டி வச்சுக் காசு கேக்கிற வைரஸ் வந்து ஆஸ்பத்திரியளையே முடக்கினது, அதை மறிக்கிற அப்டேற் மார்ச்சிலயே வந்திட்டுது. போட்டவை தப்பினவை, போடாதவைதான் மாட்டுப்பட்டவை.

விண்டோஸ் 10 எண்டா இன்னொண்டும் பாக்கோணும், அதின்ர சப்போட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. மேலதிக பாதுகாப்பு அப்டேற்றுக்குப் பதிஞ்சா வீட்டுக்காரருக்கு 2026 ஒக்டோபர் வரைக்கும் கிடைக்கும். மைக்ரோசொவ்ற் எக்கவுண்டில சைன் இன் பண்ணி லைசென்சை அதோட இணைச்சும் வையுங்கோ, எங்கட கரண்டுக்கு போர்ட் எரியிறது புதினம் இல்லை, போர்ட் மாத்தினா டிஜிற்றல் லைசென்சைத் திரும்ப எடுக்க அது உதவலாம்.

உண்மையிலயே லைசென்ஸ் இல்லாத, துண்டு துண்டாப் பூட்டின டெஸ்க்ரொப் எண்டா நிலைமை வேற. ஹோம் 139 டொலர், டொலர் 300 ரூபா எண்டு பாத்தாலே 41,000 தாண்டும். எங்கட ஊரில சம்பளம் எடுக்கிற ஒரு வீட்டுக்கு அது லேசில்லை எண்டு எனக்குத் தெரியும், "வாங்கினா என்ன" எண்டு வெளிநாட்டில இருந்து எழுதுற ஆக்கள் 2022இல நாங்கள் கரண்டும் இல்லாம சமையல் காஸும் இல்லாம இருந்ததை ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்கோ. ஆனாலும் எங்கட நாட்டுச் சட்டத்தில, 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில, கொம்பியூட்டர் புரோகிராமுக்கும் பாதுகாப்பு இருக்கு. வாங்க ஏலாட்டி விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் போடுங்கோ. காசில்லை, களவில்லை, யூனிகோட் தமிழ் வடிவாத் தெரியும். நான் இப்ப நினைவு மலர் வேலை முழுக்க லிப்ரே ஒபிஸில தான் செய்யிறன், அதுவும் இலவசம், பாமினியில வந்த பழைய ஃபைலும் அதில திறக்குது.

வெளிநாட்டு ஆக்கள் எண்ட உடன ஞாபகம் வந்தது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாம விடேலாது. நினைவு மலருக்குப் படம் அனுப்பேக்க தயவுசெய்து வட்ஸ்அப்பில சும்மா போட்டோவா அனுப்பாதேங்கோ. அது சுருக்கிப்போடும், அச்சடிச்சா முகம் கலங்கிப்போகும். டொக்கியுமென்ற் எண்டு இணைச்சு அனுப்புங்கோ. கனடாவில இருக்கிற மகன் குழுவில வந்த படத்தை எடுத்து அனுப்புவார், ஒறிஜினல் இருக்கோ எண்டு கேட்டா கோவிப்பார், பிறகு புத்தகம் வந்த உடன அம்மாவின்ர முகம் தெளிவில்லை எண்டு என்னைப் பேசுவார். அந்தப் படம்தான் அந்தச் சனம் காலத்துக்கும் வச்சிருக்கப்போகுது, எனக்கும் அதில அக்கறை இருக்கு, அதாலதான் திருப்பித் திருப்பிக் கேக்கிறன்.

சரி, நீங்கள் அக்டிவேஷன் பக்கத்தில என்ன வசனம் காட்டுதெண்டும், லப்ரொப் பெட்டியோட விண்டோஸ் வந்ததோ எண்டும் எழுதுங்கோ, பெடியனிட்டக் கேட்டுச் சொல்லுறன். 25 எழுத்துக் கீயை மட்டும் ஒருத்தருக்கும் எழுதிப்போடாதேங்கோ. டிபென்டரில விலக்கு லிஸ்ற்றில ஏதும் கிடக்கோ எண்டும் இண்டைக்கே பாருங்கோ.