பழைய லாரியில் பேட்டரியை ஏன் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும்?

பேட்டரி தன் தட்டில் அசையாமல் இருக்க மேலே போடும் இரும்புப் பட்டையும் போல்ட்டும்தான் கிளாம்ப். பழைய வண்டிகளில் இது துருப்பிடித்துப் போயிருந்தால் பலர் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். அது போதாது.

பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. குலுங்கக் குலுங்க அவற்றின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகப் படியும். அந்தச் சேறு உயர்ந்து தகடுகளைத் தொட்டால் அந்த செல் (பேட்டரியின் ஓர் அறை) போச்சு. பெட்டிக்குள் தளர்வாக அடுக்கிய கண்ணாடி டம்ளர்கள் மாதிரிதான். அப்புறம், பேட்டரி நகர்ந்து, எர்த் இல்லாத, அதாவது வண்டியின் பாடியோடு இணைக்காத முனை பாடியில் உரசினால் தீயே பிடிக்கலாம். (மிகப் பழைய லாரிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பார்த்துக்கொள்ளுங்கள்.) எர்த் இல்லாத முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம் போடுங்கள்.

கையால் ஆட்டினால் அசையக் கூடாது, அந்த இறுக்கம் சரி. “எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது” என்பது தவறு. அளவு மீறினால் பேட்டரியின் ஓடு விரிசல் விட்டு ஆசிட் கசியும்.