ராத்திரி 12 மணி வரை ஸ்லைடு எதற்கு?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், ட்ரிபிள்-ஈ (மின், மின்னணுப் பொறியியல்) துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு. காலை 6 மணிக்கு காலேஜ் பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை 6 ஆகிவிடும். அப்புறம் 12 மணி வரை ஸ்லைடு, பேப்பர் திருத்துவது. இவ்வளவு செய்தும் கடைசி பெஞ்ச் போனில்தான் இருக்கிறது, இன்டர்னலில் பாதிப் பேர் ஃபெயில். ஞாயிறு சாயந்திரமே வயிற்றைப் பிசைகிறது. எனக்கு நேரத்தைக் கையாளத் தெரியவில்லையா? (ஆர்., அம்பத்தூர்)

பதில்: தெரியாமல் இல்லை, உங்கள் தலையில் கட்டியிருப்பதே அதிகம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரத்துக்கு 16 மணி நேரம்தான். அதைக் கடைசியில் பேசுவோம், முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பார்க்கலாம்.

ஸ்லைடை நிறுத்துங்கள். போர்ஷன் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் 50 நிமிடமும் நீங்களே பேசுகிறீர்கள், பசங்களுக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லை, போனை எடுக்காமல் என்ன செய்வார்கள்? தெவெனின் தேற்றம், அதாவது பெரிய சர்க்யூட்டை ஒரே பேட்டரி, ஒரே மின்தடையாகச் சுருக்கும் பாடம், எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். போர்டில் ஒரே ஒரு சர்க்யூட்: 10 வோல்ட் பேட்டரி, தொடராக 4 ஓம், 6 ஓம், அந்த 6 ஓமின் இரண்டு முனையிலும் லோடு (மின்சாரத்தைப் பயன்படுத்தும் கருவி). லோடைக் கழற்றிவிட்டு, தெவெனின் மின்தடை எவ்வளவு என்று கேட்டு, நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். சிலர் 10 என்று எழுதியிருப்பார்கள், இரண்டையும் கூட்டிவிட்டார்கள். சிலர் 6, பேட்டரி இருந்த இடத்தைக் கம்பியால் இணைப்பதற்கு (ஷார்ட்) பதில் துண்டித்துவிட்டார்கள் (ஓப்பன்). சரியான விடையான 2.4 ஓம் என்று எழுதியவரை போர்டுக்கு அழைத்து ஏன் என்று சொல்ல வையுங்கள். இதற்கு வீட்டில் கால் மணி நேரம் தயாரித்தால் போதும். இங்கே கண்டுபிடிக்காமல் விட்ட தவறைத்தான் நடுராத்திரியில் பேப்பர் பேப்பராகச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி கேட்டதும் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் நமக்குத்தான் மூன்று நிமிடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தும்போது ஒரு பேப்பரை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லா பேப்பரிலும் முதல் 13 மார்க் கேள்வியை மட்டும் முடியுங்கள், பிறகு அடுத்த கேள்வி. வேகமும் வரும், முதல் பேப்பருக்கு ஒரு தாராளம், கடைசி பேப்பருக்கு ஒரு எரிச்சல் என்றும் ஆகாது. ஓரத்தில் குறிப்பு எழுதவே வேண்டாம், யார் படிக்கிறார்கள்? எல்லாரும் செய்த நாலைந்து தவறுகளை மறுநாள் போர்டில் போட்டுக் காட்டுங்கள்.

பஸ்ஸில் தூங்குங்கள். அங்கேயும் பேப்பர் கட்டைப் பிரிக்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், கோபம்தான் வருகிறது.

வயிற்றைப் பிசைவது வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் போய்விட்டால், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி அந்த 22 மணி நேரம். உங்கள் டைம்டேபிளையும் விதிமுறையின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து வைத்து, அடுத்த செமஸ்டருக்கு ஒரு லேபையாவது குறைக்கச் சொல்லி துறைத் தலைவரிடம் (ஹெச்.ஓ.டி.) எழுத்தில் கொடுங்கள். சண்டை தொனி வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். உடனே குறைத்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட ஒதுக்கீடு போடுவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், போட்ட பிறகு போய் நின்றால் "டைம்டேபிள் எல்லாம் ஃபைனல் ஆயிடுச்சேம்மா" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இருக்காது.