அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: 2020, 2021-இல் கொடை (கோயில் திருவிழா) நின்றுபோன எங்கள் சுடலைமாடன் கோயிலில் வில்லுப்பாட்டு திரும்பிவிட்டது. செல்போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே அண்ணாச்சி, ராத்திரி முழிக்க வேண்டுமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: முழிக்கத்தான் வேண்டும். செல்போனில் பாட்டு வரும், குடத்தில் விழும் அடி நம் வயிற்றில் வந்து இடிக்காது. வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் ஒருசேரக் குலுங்கும். பாடுகிற புலவர் ஒரு கண்ணைச் சாமியாடியின் மேலேயே வைத்திருப்பார். சாமியாடிக்கு அருள் ஏற ஏறப் பாட்டும் வேகம் பிடிக்கும். எதிரே ஆள் இல்லாமல் இது நடக்குமா? அந்த இரண்டு வருஷமும் எங்கள் தெருக் குடக்காரர் நூறு நாள் வேலைக்குப் போனார். திரும்ப உட்கார்ந்த முதல் ராத்திரி கை கொஞ்சம் தடுமாறியது. சாமக்கொடைக்குள் (நள்ளிரவுப் பூசைக்குள்) சரியாகிவிட்டது. சுக்குக்காப்பிக்கும் அதில் பங்கு உண்டு.

கேள்வி: கொடையைப் படம் எடுத்தால் இருட்டாக விழுகிறது. பிளாஷ் போடலாமா?
(வாசகி, சேரன்மகாதேவி)

பதில்: சாமியாடி முகத்தில் பிளாஷ் அடித்து நானே ஒருமுறை வசவு வாங்கியிருக்கிறேன், வேண்டாம் தாயி. கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு என்றால் வீசுகோல் அந்தரத்தில் நிற்கும். 30-இல் ஒரு பங்கு என்றால் விசிறி மாதிரி விரியும். எனக்குப் பிடித்தது விசிறிதான். அப்புறம், தீப்பந்தம் வரும்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.