நிறுவனம் வாய்மொழியாகச் சொன்னதை மீறினால் ஊழியருக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? எழுத்தில் இல்லாததற்கு ஏதாவது செய்ய முடியுமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பல வருடங்கள் சம்பளக் கணக்குப் பார்த்தவன் நான். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம்.

தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து முடிந்ததும், வெட்டிப் போட்ட மிலாறுகளை, அதாவது குச்சிகளை, தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் விறகுக்கு எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். எந்த ஒப்பந்தத்திலும் அது கிடையாது. புதிதாக வந்த மேலாளர், விற்றால் காசாகுமே என்று நிறுத்திவிட்டார். அப்போதிருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்ன வீடு, மருத்துவம், கம்பளி எதிலும் அவர் குறை வைக்கவில்லை; அதனால் தன்மேல் தவறே இல்லை என்றுதான் நினைத்தார்.

யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஆனால் மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கும் நாட்களில் கூடையின் நிறம் மாறியது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வந்த இடத்தில் முற்றல் இலையும் காம்பும் கலந்து வந்தன. எடை என்னவோ சரியாக இருந்தது, யாரைக் குற்றம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டபோது, "விறகு பொறுக்கப் போக வேண்டும், துரை" என்றார் ஒரு மூத்த அம்மா, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல். முதலாளி மட்டுமா எழுதாமல் கொடுக்கிறார்? தொழிலாளியும் ஏராளமாகக் கொடுக்கிறார். அதை எந்தச் சட்டத்தாலும் கேட்டு வாங்க முடியாது.

எழுதாமலே இரு தரப்பும் ஒருவரிடம் ஒருவர் எதிர்பார்க்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆய்வாளர்கள் 'உளவியல் ஒப்பந்தம்' என்பார்கள். கிறிஸ் ஆர்கிரிஸ் 1960இல் தொட்ட கருத்து. டெனிஸ் ரூசோ 1989இல் விரித்து எழுதினார். எம்பிஏ முடித்து வேலைக்குச் சேர்ந்தவர்களை இரண்டு ஆண்டுகள் கழித்து விசாரித்து அவரும் சாண்ட்ரா ராபின்சனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் நிறுவனம் வாக்குத் தவறியதாகச் சொன்னார்கள். தெரிந்தே மீறுவது, இரு தரப்பும் வேறுவேறாகப் புரிந்துகொள்வது என்று இரண்டு காரணங்களைப் பிறகு வந்த ஆய்வுகள் பிரித்துக் காட்டின. எங்கள் மலையில் நான் கண்டது இன்னொன்று: சொன்னவர் மாற்றலாகிப் போய்விடுவார், வந்தவருக்கு எதுவும் தெரியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நீண்டகாலமாக நடந்துவரும் வழக்கம் வேறு, ஒருவர் ஒருமுறை சொன்ன சொல் வேறு. முன்னதற்குச் சட்டத்தில் பிடி உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவும் நான்காம் அட்டவணையும், வழக்கமாகத் தரும் சலுகையை நிறுத்த 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றன. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. இதைக் காட்டித் தொழிற்சங்கம் ஒரே ஒரு கடிதம் எழுதியது. மிலாறு திரும்பக் கிடைத்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான், மேலாளர்களுக்கு இல்லை.

ஒருமுறை சொன்ன சொல்லின் கதை சிரமமானது. "மலர்க் கண்காட்சி முடியட்டும், ஜூனில் நிரந்தரம் செய்துவிடலாம்" என்று ஊட்டி விடுதிகளில் சொல்வது அந்த வகை. அன்று மாலையே, "ஐயா, ஜூன் முதல் நிரந்தரம் என்று இன்று சொன்னீர்கள், நன்றி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மறுக்க வேண்டுமானால் அவர் அப்போதே மறுத்தாக வேண்டும். மறுத்துவிட்டால் வேறு இடம் தேட உங்களுக்குச் சீசன் இன்னும் மிச்சமிருக்கும்.