ஆன்லைனில் வாங்கிய ரேம் (தற்காலிக நினைவகம்) போட்டதிலிருந்து லேப்டாப்பில் நீலத்திரை வந்து நின்றுபோகிறது. விற்றவரோ "உங்கள் லேப்டாப்தான் கோளாறு" என்கிறார். யார் சொல்வது சரி?

முதலில் அந்தப் புதிய ரேமைக் கழற்றி வையுங்கள், பிறகு பேசலாம். பழுதான ரேமில் நீலத்திரையைவிட மோசமான விஷயம், நீலத்திரை வராமல் நடக்கும் பிழைதான். ஒரு படத்தையோ கணக்குக் கோப்பையோ திறந்து சேமிக்கும் நேரத்தில் ரேமில் ஒரு பிட் (ஒரு 0 அல்லது 1) மாறிப்போனால், மாறிய வடிவம்தான் வட்டில் எழுதப்படும். அதைப் பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியவரும். பேக்கப் எடுப்பதானாலும் பழைய ரேம் மட்டும் இருக்கும் நிலையில் எடுங்கள்.

ஏற்கெனவே 4 ஜிபி இருந்த லேப்டாப்பில் 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சந்தேகத்துக்குரியவை மூன்று: புதிய ரேம், அது அமர்ந்திருக்கும் ஸ்லாட், இரண்டு ரேமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமை. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காதவரை நீங்கள் சொல்வதும் ஊகம், விற்றவர் சொல்வதும் ஊகம்.

லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் ரேமைத் தொட வேண்டும். ரேமைச் சாய்வாக, தங்கநிறப் பற்கள் ஏறக்குறைய மறையும்வரை உள்ளே செலுத்தி, பிறகு கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் அதுவே நீலத்திரைக்குப் போதுமான காரணம். பற்களில் கைரேகையோ அழுக்கோ இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

சோதனைக்கு விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற கருவி இருக்கிறது. ஆனால் அது தவறவிடும் பிழைகளை மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருள் பிடித்துவிடும் என்பது என் அனுபவம். இலவசமானது, பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்க வேண்டும். அதற்காகப் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பை அணைக்க நேரிடலாம். அணைத்தால், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும், அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ரேமை மட்டும், பழைய ரேம் இதுவரை ஒழுங்காக ஓடிய அதே ஸ்லாட்டில் போட்டு மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. 'ஒன்றிரண்டு பரவாயில்லை' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிழையே வரவில்லையா? பழைய ரேமை இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றி ஓட்டுங்கள். அங்கே பிழை வந்தால் கோளாறு ஸ்லாட்டில் அல்லது மதர்போர்டில். விற்றவர் சொன்னது சரி. தனித்தனியே இரண்டும் தேறி, சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால் அது பொருத்தமின்மை. பயாஸை அப்டேட் செய்து பாருங்கள், தீரவில்லையென்றால் இரண்டில் ஒன்றை மாற்றியாக வேண்டும். உங்கள் 4 ஜிபி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதாக இருந்தால் அதைக் கழற்ற முடியாது. அப்போது நன்றாக ஓடும் இன்னொரு டிடிஆர்4 ரேமை யாரிடமாவது கடன் வாங்கி, அதே ஸ்லாட்டில் சோதித்துப் பாருங்கள்.

என் தங்கைக்கு இப்படித்தான் ஒரு ரேம் வந்தது. முதல் சுற்றில் பிழையே இல்லை. லேப்டாப் சூடேறிய பிறகு பின்னிரவில் பிழைகள் வரிசையாக விழத் தொடங்கின. காலையில் ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த, வேகம் 2666 என்ற ஸ்டிக்கரின் ஓரத்தில் பழைய ஸ்டிக்கரின் பசைக் கோடு ஒரு நூல் அகலத்துக்குத் தெரிந்தது. சிபியு-இசட் மென்பொருளில், ரேம் தன்னைப் பற்றித் தனக்குள் வைத்திருக்கும் விவரங்களைக் காட்டும் 'எஸ்பிடி' பக்கத்தைத் திறந்தால், ரேமுக்குள் பதிந்திருந்த வேகம் 2133. தயாரிப்பாளர் பெயரும் ஸ்டிக்கரில் இருந்ததல்ல. புதியது என்று விற்கப்பட்ட பொருள் அது!

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே மென்பொருளின் 'மெமரி' பக்கத்தில் 1333 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பாய்ந்துவிடாதீர்கள். டிடிஆர் வகையில் கடிகார வேகத்தின் இரு மடங்குதான் பெயரில் வரும். 1333 என்றால் 2666 தான். உங்கள் பழைய ரேம் 2133 என்றால், இரண்டும் சேர்ந்து அந்தக் குறைந்த வேகத்திலேயே ஓடும். அதுவும் மோசடி அல்ல. நியாயமான விற்பனையாளரைத் தவறாகக் குற்றம் சாட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ரேம்தான் பழுது என்று உறுதியானால் தாமதிக்காதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், சோதனைத் திரை, ஸ்டிக்கர், சீரியல் எண் மூன்றையும் படமெடுத்துப் புகாரோடு இணையுங்கள். சீரியல் எண் படம் மிக முக்கியம். 'நீங்கள் வேறு ரேமை அனுப்பிவிட்டீர்கள்' என்ற பேச்சுக்கு அதுதான் பதில். காரணம் கேட்கும் இடத்தில் 'தேவையில்லை' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'பொருள் பழுது' என்றே குறிப்பிடுங்கள். எல்லா உரையாடலையும் நீங்கள் வாங்கிய தளத்துக்குள்ளேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசியில் பேசித் தீர்க்க அழைத்தால் போகாதீர்கள்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவரும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

தங்கையின் விஷயத்தில் விற்றவர் முதலில் மறுத்தார். படங்களைப் பார்த்த குறைதீர் அலுவலர் பணத்தைத் திருப்பித் தரச் செய்தார். அந்தப் பணத்தோடு மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், கடையிலேயே லேப்டாப்பில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி வேறு ரேம் வாங்கினோம். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் பில்லிலேயே சீரியல் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள்.