யூரியா கேட்டா நுண்ணூட்ட டப்பாவும் வாங்கணுமாம், புது சட்டம் வரட்டும்னு இருக்கலாமா?

கேள்வி: நான் அம்பத்தூர்ல வேலை பாக்குறேன். அப்பா மதுராந்தகம் பக்கம் ரெண்டு ஏக்கர் நெல்லு போடுறார். உரக்கடைல யூரியா மூட்டை 350 ரூபா, நுண்ணூட்ட டப்பா சேத்து வாங்கினாத்தான் தருவாங்களாம், பில்லும் கிடையாது. விலையை வெளிப்படையா போடணும்னு புது சட்டம் வருதாமே, வந்ததும் கேஸ் போடலாமா?

பதில்: நீங்க சொல்றது 2025 நவம்பர்ல மத்திய வேளாண் அமைச்சகம் கருத்து கேக்க விட்ட வரைவு மசோதாவா இருக்கும், அது விதைக்கு, யூரியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பாரிமுனைல என் ஆபீசுக்கு வர்றவங்களும் இதே தான் கேக்குறாங்க, ஆனா நீங்க கேக்குற சட்டம் 1985லயே வந்தாச்சு, உரக் கட்டுப்பாட்டு ஆணைன்னு பேரு. கடைக்காரர் இருப்பையும் விலையையும் போர்டுல எழுதி வைக்கணும், ரொக்கமோ கடனோ பில் குடுத்தே ஆகணும். 45 கிலோ யூரியா மூட்டை 242 ரூபா, வேப்பெண்ணெய் பூச்சு வரியெல்லாம் சேத்தா 266.50. கடைக்காரர் அதுக்கு மேல காசு வாங்கினா அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துல 3 மாசத்துல இருந்து 7 வருஷம் வரை ஜெயில் இருக்கு.

பில் இல்லையேன்னு விட்டுடாதீங்க, மானிய உரம்னா அப்பா ஆதார் காட்டி கைரேகை வச்சிருப்பார், அந்த மெஷின்லயே சீட்டு வரும், அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க, நீங்க ஜிபேல பணம் அனுப்பியிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்டும் போர்டு இல்லாத கடை போட்டோவும் சேத்து அப்பா பேர்ல வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீஸ்ல மனு குடுங்க, நகல்ல சீல் போட்டு வாங்கிக்கோங்க. அசையலைன்னா கலெக்டர் நடத்துற விவசாயிகள் குறைதீர் கூட்டம் இருக்கு. லைசென்சுக்கு வேட்டு வரும்னாத்தான் கடைக்காரர் இறங்கி வருவார், கோர்ட்டுன்னா பயப்பட மாட்டார்.

நுண்ணூட்ட டப்பாவை தலைல கட்டுறது நுகர்வோர் சட்டத்துல தனி தப்பு. விவசாயியும் நுகர்வோர்தான்னு 2012ல விதை கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், 5 லட்சம் வரை ஃபீஸ் இல்ல. ஆனா ரெண்டு மூட்டைக்கு நான் அதுல முதல்ல இறங்கச் சொல்ல மாட்டேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்பாவுக்கு அந்தக் கடைல பாக்கி இருக்கான்னு கேளுங்க. இருந்தா, மனு குடுக்குறதுக்கு முன்னாடியே கணக்கு நோட்டை போட்டோ எடுத்து வச்சிருங்க, அப்புறம் கோவத்துல அவர் பாக்கியை ஏத்திச் சொல்ல முடியாது.